இரண்டு நாள் வேலை என்று நினைத்த இன்ஸ்டாலர்

செயலியை எழுதி முடித்த அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஸ்கேன் செய்த பழைய பக்கங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி, வேண்டும்போது தேடி எடுக்க உதவும் சின்ன டெஸ்க்டாப் மென்பொருள் அது. பைதான் என்ற நிரல் மொழியில் எழுதியது. வேலைக்குப் போய் வந்த பிறகு மாலைகளில் உட்கார்ந்து எட்டு மாதம் ஆனது. மிச்சம் இருப்பது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இன்ஸ்டாலர் போடுவதுதான், அதற்கு இரண்டு நாள் போதும் என்று நோட்டில் குறித்து வைத்தேன். அந்த இரண்டு நாள் நான்கு மாதமாக நீண்டது. கையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் டாலர் போனது. போதாததற்கு, முகம் தெரியாத ஒருவருடைய மூன்று வார உழைப்பையும் அழித்தேன். அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அது எப்படி நடந்தது என்று புரியும்.

ஆரம்பத்தில் இன்ஸ்டாலரே தேவையில்லை என்றுதான் இருந்தேன். நிரலை ஜிப் செய்து, பைதானை இன்ஸ்டால் செய்யுங்கள், டெர்மினலைத் திறங்கள், இந்த இரண்டு வரியை அடியுங்கள் என்று ஒரு குறிப்போடு நண்பனுக்கு அனுப்பினேன். அவன் கணக்கு வேலை பார்ப்பவன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "டேய், கருப்பா ஒரு ஜன்னல் வந்து பைதானே இல்லைன்னு சொல்லுது. இப்பதானேடா போட்டேன்?" பைதானை இன்ஸ்டால் செய்யும்போது முதல் திரையின் அடியில், கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதை அவன் டிக் செய்யவில்லை. ஏன் செய்யப்போகிறான்? அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எட்டு மாதம் எழுதியதைப் பார்க்க ஆர்வமாக இருந்த ஒரே ஆளும் அன்று பாதியில் எழுந்து போய்விட்டான்.

சரி, பைதானையும் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடலாம் என்று பைஇன்ஸ்டாலரை எடுத்தேன். அது நம் நிரலையும், பைதானையும், தேவையான லைப்ரரிகளையும் (பிறர் எழுதி வைத்த துணை நிரல்கள்) ஒன்றாக மூட்டை கட்டிவிடும். இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்த இயங்குதளத்துக்கு மட்டும்தான் மூட்டை கட்டும். விண்டோஸில் உட்கார்ந்து மேக்குக்கான செயலியை உருவாக்க முடியாது. "பைதான் எல்லா இடத்திலும் ஓடும்" என்பது நிரலுக்குத்தான் பொருந்தும், மூட்டைக்குப் பொருந்தாது. மூன்று இயங்குதளம் என்றால் மூன்று இயந்திரம், அல்லது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும், மூட்டை கட்டித் தரும் மூன்று 'பில்ட்' இயந்திரங்கள் வேண்டும். இதைக்கூட யோசிக்காமல்தான் இரண்டு நாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பைஇன்ஸ்டாலரில் இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கலாம், அல்லது ஒரு ஃபோல்டராக வைக்கலாம். ஒரே கோப்பு பார்க்க அழகாக இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தேன். அது தவறு. அந்த ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருப்பதை முழுவதுமாகத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் விரித்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். என் கணினியில் மூன்று விநாடி. நண்பனின் பழைய லேப்டாப்பில் இருபது விநாடிக்கும் மேல். திரையில் ஒன்றும் வராததால் அவன் மறுபடி மறுபடி கிளிக் செய்ய, கடைசியில் ஐந்து ஜன்னல்கள் ஒன்றாகத் திறந்தன. இன்னொருவருடைய கணினியில் ஆன்டிவைரஸ் அதைத் திறக்கவே விடாமல் தூக்கிப் போட்டுவிட்டது. தன்னைத் தானே விரித்துக்கொண்டு ஓடும் கோப்பு என்பது வைரஸ்களும் செய்கிற வேலைதான், அதனால் இந்த வகை மூட்டைகள் மீது சந்தேகம் விழுவது சகஜம். ஃபோல்டர் வகைக்கு மாறி, அந்த ஃபோல்டரை இன்னோ செட்டப் என்ற கருவி கொண்டு முறையான இன்ஸ்டாலராக்கியதும் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் ஒழிந்தன. இன்ஸ்டாலர் இருக்கும்போது செயலி உள்ளே எத்தனை கோப்பாக இருக்கிறது என்று பயனர் பார்க்கப்போவதே இல்லை.

அப்புறம் அந்த நீலத் திரை. இணையத்திலிருந்து இறக்கிய, யாரும் அறியாத இன்ஸ்டாலரைத் திறந்தால் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்புச் சோதனை குறுக்கே வந்து, உங்கள் கணினியைப் பாதுகாத்துவிட்டோம் என்று சொல்லும். மேற்கொண்டு போகும் பட்டன் உடனே கண்ணில் படாது. 'மேலும் தகவல்' என்ற சின்ன எழுத்தை அழுத்தினால்தான் வெளியே வரும். என் செயலியை இறக்கியவர்களில் பலர் அந்தத் திரையோடு திரும்பிப் போயிருப்பார்கள் என்பது உறுதி. நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

அதற்கு மருந்து டிஜிட்டல் கையொப்பம் என்று நினைத்தேன். கோப்பு யாருடையது, நடுவில் யாரும் அதை மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை அது. சான்றிதழ் விற்கும் நிறுவனம் ஒன்றில் சில நூறு டாலர் கட்டி விண்ணப்பித்தேன். இங்கே தெரியாமல் போய் மாட்டிக்கொண்டது இது: 2023 ஜூன் 1 முதல், மென்பொருளில் கையொப்பமிடும் சான்றிதழின் ரகசிய சாவி பாதுகாக்கப்பட்ட வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு போல ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு அந்தச் சாவியைத் தாங்கிய யூஎஸ்பி டோக்கன் ஒன்று தபாலில் வந்தது. அடையாளச் சரிபார்ப்பு, போன், பத்திரங்கள், மறுபடி பத்திரங்கள், தபால் என்று ஐந்து வாரம் போனது. டோக்கன் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது: என் விண்டோஸ் பில்ட் இணையத்தில் எங்கோ இருக்கும் இயந்திரத்தில் நடக்கிறது, டோக்கனோ என் மேசை மேல் இருக்கிறது. அதை அந்த இயந்திரத்தில் எப்படிச் செருகுவது? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கோப்பை இறக்கி, டோக்கனைச் செருகி, கடவுச்சொல் அடித்து, கையால் கையொப்பமிட்டு, திரும்ப ஏற்றினேன். சாவியைத் தங்கள் பக்கமே பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, இணையம் வழியாகக் கையொப்பமிட விடும் சேவைகளும் இருக்கின்றன. தானாக பில்ட் ஆக வேண்டும் என்றால் வாங்கும்போதே அதைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி என் பல மாலைகளை மிச்சப்படுத்தியிருக்கும்.

இவ்வளவும் செய்து, கையொப்பமிட்ட இன்ஸ்டாலரை வெளியிட்டு, வேறொரு கணினியில் ஆசையாகத் திறந்தால் அதே நீலத் திரை. வெளியீட்டாளர் இடத்தில் என் பெயர் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கையொப்பம் இது யாருடையது என்று மட்டும்தான் சொல்லும். நம்பலாமா என்பதை ஸ்மார்ட்ஸ்கிரீன் காலப்போக்கில், எத்தனை பேர் இறக்கி ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்கிறது. அன்று டோக்கனைத் தூக்கிச் சுவரில் எறியத் தோன்றியது. சில மாதங்களில் அந்தத் திரை வருவது குறைந்து நின்றுவிட்டது என்பது வேறு விஷயம். விற்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை.

கையொப்பத்தில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். கையொப்பமிடும் கட்டளையில் நேர முத்திரை சேவையகத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். அது இல்லாமலும் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்யும், அதனால்தான் நான் கவனிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து சான்றிதழ் காலாவதியான அன்று, அதுவரை வெளியிட்டிருந்த எல்லா இன்ஸ்டாலர்களின் கையொப்பமும் ஒரே நாளில் செல்லாமல் போயின. நேர முத்திரை இருந்திருந்தால், சான்றிதழ் உயிரோடு இருந்தபோது போட்ட கையெழுத்து என்பது பதிவாகி, பழையவை அப்படியே செல்லுபடியாகியிருக்கும். ஒரே ஒரு வரி.

இனி அந்த மூன்று வாரக் கதை. செயலியின் தரவுத்தளக் கோப்பை, குறிப்புகள் எல்லாம் சேரும் அந்தக் கோப்பை, செயலி இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்திருந்தேன். எழுதும் காலத்தில் அதுதான் வசதி. கண்ணெதிரே இருக்கும், அழித்துப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். நிர்வாகி அனுமதி கேட்டுப் பயமுறுத்த வேண்டாமே என்று, இன்ஸ்டாலரைப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் நிறுவும்படி அமைத்திருந்தேன். பொது நிரல் ஃபோல்டரில் போட்டிருந்தால் அங்கே எழுத அனுமதி இல்லை என்ற பிழை முதல் நாளே வந்து என் தவற்றைக் காட்டியிருக்கும். நல்லது நினைத்துச் செய்தது அந்தத் தவற்றை மறைத்துவிட்டது. இரண்டாவது பதிப்பில் பழைய லைப்ரரிகள் புதியவற்றோடு கலந்து செயலி திறக்காமல் போகவே, புதிய பதிப்பை நிறுவும் முன் பழைய ஃபோல்டரை முழுதாகத் துடைத்துவிடு என்று இன்னோ செட்டப்பில் ஒரு வரி சேர்த்தேன். என் கணினியில் சோதித்தேன். அழகாக வேலை செய்தது. என் தரவுத்தளத்தில்தான் ஒன்றுமே இல்லையே.

வெளியிட்ட மறுநாள் காலை மின்னஞ்சல் வந்திருந்தது. ஓய்வு பெற்ற ஒருவர் தன் தந்தையின் கடிதங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றிலும் வரும் ஆட்கள் யார், எந்த வருடம் என்று குறித்துக்கொண்டிருந்தாராம். அப்டேட் செய்த பிறகு பட்டியல் காலியாக இருக்கிறது, எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த வரியைப் படித்ததும் கை நடுங்கியது. அழிந்த கோப்பை மீட்கும் கருவிகளை அனுப்பினேன், இரண்டு நாள் அவரோடு சேர்ந்து தேடினேன். துண்டு துண்டாகக் கொஞ்சம் கிடைத்தது, பயன்படவில்லை. "பரவாயில்லை தம்பி, கடிதங்கள் இருக்கின்றன அல்லவா" என்று எழுதினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். செயலி ஒரு இடம், பயனரின் தரவு வேறு இடம், இது முதல் வரி எழுதும்போதே முடிவாக வேண்டும். விண்டோஸில் பயனரின் 'ஆப்டேட்டா' ஃபோல்டர், மேக்கில் பயனரின் 'லைப்ரரி' ஃபோல்டருக்குள் இருக்கும் 'அப்ளிகேஷன் சப்போர்ட்', லினக்ஸில் பயனர் வீட்டுக்குள் மறைந்திருக்கும் லோக்கல் ஷேர் ஃபோல்டர். மூன்றையும் நினைவில் வைக்கத் தேவையில்லை, பெரும்பாலான நிரல் மொழிகளில் இதைச் சொல்லிக் கொடுக்கும் லைப்ரரி இருக்கிறது. இன்ஸ்டாலரும் அன்இன்ஸ்டாலரும் அந்த இரண்டாவது இடத்தைத் தொடவே கூடாது. சோதிக்கும்போது காலிக் கணினியில் புதிதாக நிறுவுவது பாதிச் சோதனைதான். பழைய பதிப்பை நிறுவி, அதில் நாலு பக்கம் நிஜமாகவே எதையாவது எழுதி, அதன் மேல் புதியதை நிறுவிப் பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இதைச் செய்கிறேன். கால் மணி நேரம் ஆகிறது.

விண்டோஸில் இன்னும் ஒன்று, இது நம் ஆட்களுக்கு அதிகம் வரும். ஒருவருக்கு செயலி திறக்கிறது, ஆனால் எந்தப் படத்தையும் காட்டவில்லை. பிழைப் பதிவை அனுப்பச் சொன்னேன். கோப்பின் பாதையில் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அவர் தன் கணினியில் பெயரைத் தமிழில் வைத்திருந்தார். விண்டோஸில் பழைய நிரல்கள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கப் பயன்படுத்தும் குறிமுறைப் பக்கங்களில் தமிழுக்கு இடம் கிடையாது, தமிழுக்கு யூனிகோடுதான். அதனால் யூனிகோடு அறியாத பழைய முறையில் கோப்பைத் திறக்கும் சி மொழி லைப்ரரி எதுவானாலும் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கேள்விக்குறியாக்கிவிடும். நான் படங்களைத் திறக்கப் பயன்படுத்திய லைப்ரரி அந்த ரகம். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, செயலியைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் யூடிஎஃப்-8 (யூனிகோடு குறிமுறை ஒன்று) என்று அறிவித்தால் இது தீர்ந்துவிடும். தமிழனாக இருந்துகொண்டு தமிழ்ப் பெயரில் ஒரு கணக்கு உருவாக்கிச் சோதிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இப்போது என் சோதனை இயந்திரத்தில் பயனர் பெயர் 'செங்கீரை சோதனை'. நடுவே இடைவெளியும் வேண்டுமென்றே விட்டது, அதற்கும் உடையும் நிரல்கள் உண்டு.

மேக் கதைக்கு வருகிறேன். பழைய மேக் மினி ஒன்று வாங்கினேன். செலவில் பெரும்பங்கு அதுதான். முதலில் கையொப்பம் எதுவும் இல்லாமல் இரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கு, இந்தச் செயலி சேதமடைந்திருக்கிறது, குப்பைக்கு நகர்த்துங்கள் என்று செய்தி வந்தது. அவரும் சொன்னபடி குப்பையில் போட்டுவிட்டு, கோப்பு பழுதாகிவிட்டது, மறுபடி அனுப்புங்கள் என்றார். மூன்று முறை அனுப்பினேன். கோப்பில் பழுது எதுவும் இல்லை. பைஇன்ஸ்டாலர் தானாகப் போடும் தற்காலிகக் கையொப்பத்துக்குப் பிறகு, பதிப்பு எண்ணை மாற்றுவதற்காக உள்ளே இருந்த தகவல் கோப்பைத் திறந்து திருத்தியிருந்தேன். முத்திரை வைத்த உறையைப் பிரித்து ஒட்டியது போலத்தான். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் உடையும். எதைத் திருத்துவதானாலும் கையொப்பத்துக்கு முன்பே திருத்திவிட வேண்டும்.

முறையான வழி இது. ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் வருடத்துக்கு 99 டாலர் கட்டிச் சேர வேண்டும், டெவலப்பர் ஐடி சான்றிதழால் கையொப்பமிட வேண்டும், பிறகு செயலியை நோட்டரைசேஷனுக்கு, அதாவது ஆப்பிள் சோதித்து அனுமதி தருவதற்கு, அனுப்ப வேண்டும். 2019-இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான கேட்டலினாவிலிருந்து, ஆப் ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் செயலிகள் இது இல்லாமல் சாதாரணமாகத் திறக்காது. முன்பெல்லாம் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்து திறங்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். 2024-இல் வந்த செக்கோயா பதிப்பு அந்த வழியையும் மூடிவிட்டது, இப்போது அமைப்புகளுக்குள் போய்த்தான் அனுமதிக்க வேண்டும். என் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்த பதிவில் நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தன. பைதான் மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு லைப்ரரிக் கோப்பும் தனித்தனியாகக் கையொப்பமிடப்பட வேண்டும், உள்ளேயிருந்து வெளியே என்ற வரிசையில், கடைசியாகத்தான் செயலிக்கு. அனுமதி கிடைத்ததும் அதற்கான டிஜிட்டல் சீட்டைச் செயலியோடு ஒட்ட வேண்டும், அப்போதுதான் இணையம் இல்லாத கணினியிலும் சிக்கலின்றித் திறக்கும். ஜிப் கோப்பில் ஒட்ட முடியாது. செயலியிலோ, மேக்கின் நிறுவல் கோப்புகளான டிஎம்ஜி, பிகேஜி ஆகியவற்றிலோதான் ஒட்டலாம். இன்டெல் மேக்குகளுக்கும் 2020 இறுதியிலிருந்து வரும், ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளுக்கும் தனித்தனியாகவே இரண்டு கோப்பு கொடுத்துவிட்டேன். ஒன்றாகச் சேர்க்க முடியும், எனக்குப் பொறுமை இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூன்றிலும் மேக்தான் எனக்குக் குறைவாக வலித்தது. விதிகள் கடுமை, ஆனால் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, தவறினால் எந்தக் கோப்பு என்று சொல்கிறது.

லினக்ஸ் சுலபம் என்று கடைசியில் வைத்திருந்தேன், என் சொந்தக் கணினியிலேயே லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 தானே இருக்கிறது என்ற தைரியம். முதல் பயனர் உபுண்டு 20.04 வைத்திருந்தார். ஜிலிப்சி 2.34 இல்லை என்று சொல்லிவிட்டு செயலி திறக்க மறுத்தது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் நிற்கும் அடித்தள லைப்ரரி. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. 22.04-இல் இருப்பது 2.35, 20.04-இல் 2.31. அந்த 2.34-இல் செய்த மாற்றங்களால், 22.04-இல் கட்டிய சாதாரண நிரல்கூட, வெறும் வணக்கம் சொல்லும் நிரல்கூட, 20.04-இல் ஓடாது. நீங்கள் ஆதரிக்க நினைப்பதில் எது பழையதோ அதன் மேல்தான் பில்ட் செய்ய வேண்டும். கணினிக்குள் தனி அறை போல இயங்கும் ஒரு டாக்கர் கன்டெய்னரில் பழைய உபுண்டுவை வைத்து அதற்குள் கட்டினேன், ஒரு மாலையில் தீர்ந்தது. அது வரை நான்கு மாலைகள் ஜிலிப்சியையும் மூட்டைக்குள் போடலாமா என்று முட்டிக்கொண்டிருந்தேன். போடாதீர்கள்.

வடிவம் எது என்பதில் சண்டைகள் நிறைய, நான் ஆப்இமேஜைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே கோப்பு, பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ஓடும். ஆனால் பழைய முறையில் செய்த ஆப்இமேஜுக்கு ஃபியூஸ் 2 லைப்ரரி தேவை. அது 22.04-இல் இயல்பாக இருக்காது. இரட்டைக் கிளிக் செய்தால் பிழைச் செய்திகூட இல்லாமல் சும்மா இருக்கும். ஆப்இமேஜைத் திறந்து ஓட வைக்கும் பகுதியான ரன்டைமின் புதிய வடிவத்தோடு கட்டினால் அந்தத் தேவை இல்லை. லினக்ஸில் மட்டும் ஐகான் வராமல் இரண்டு நாள் தேடியதையும் சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து, நிரலில் சிறிய எழுத்து. விண்டோஸும் மேக்கும் பொதுவாக அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள்.

திரும்பப் பார்த்தால், நான் முதலில் செய்திருக்க வேண்டியது ஒரு காலி ஜன்னல். எட்டு மாதம் எழுதும் முன்பே, ஒன்றும் செய்யாத ஒரு வெற்று ஜன்னலை மூன்று இயங்குதளத்துக்கும் மூட்டை கட்டி, கையொப்பமிட்டு, பைதான் என்ற பெயரே கேட்டிராத ஒருவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். சான்றிதழுக்காகக் காத்திருந்த ஐந்து வாரத்தில் செயலியை எழுதிக்கொண்டிருந்திருப்பேன். எந்த லைப்ரரி மூட்டைக்குள் அடங்காது என்பது, அதன் மேல் பாதிச் செயலியைக் கட்டிய பிறகு தெரியாமல், முதல் வாரமே தெரிந்திருக்கும். இப்போது இரண்டாவது செயலி ஒன்று எழுதுகிறேன். அதில் இதுவரை இருப்பது ஒரு ஜன்னலும், 'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லும்தான், ஆனால் மூன்று இன்ஸ்டாலரும் தயார். ஒவ்வொரு முறை நிரலை மாற்றும்போதும் அவை தாமாகவே பில்ட் ஆகின்றன. பைதானும் வேறு எந்தக் கருவியும் இல்லாத வெறும் விர்ச்சுவல் மெஷின்கள் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினிகள்) மூன்று வைத்திருக்கிறேன், வெளியிடும் முன் அவற்றில் இறக்கிப் பார்க்கிறேன். இறக்குவது முக்கியம், யூஎஸ்பியில் கொண்டுபோய்ப் போட்டால் ஸ்மார்ட்ஸ்கிரீனும், மேக்கில் அதே வேலை பார்க்கும் கேட்கீப்பரும் எட்டிக்கூடப் பார்க்காமல் போகலாம்.

முதல் செயலியை அந்தக் கணக்கு நண்பனுக்குப் போன மாதம் மறுபடி அனுப்பினேன், ஒரு இணைப்பு மட்டும், குறிப்பு எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் போன் செய்தான். என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன். "டேய், பிரிண்ட் பட்டனை ஏன்டா கீழ கொண்டுபோய் வச்சிருக்க?" என்றான்.